மே மாதப் பூவுக்கு நவம்பரில் கணக்கு

உதகை மலர்க் காட்சிக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இத்தனை பூவும் எப்படி மேடம் ஒரே நேரத்துல பூத்துச்சு?" கேட்பவரின் கையில் சோளக்கதிரோ மாங்காய்க் கீற்றோ இருக்கும். பிள்ளைகள் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருப்பார்கள். நின்று விளக்க அவருக்கும் நேரமிருக்காது, எனக்கும் இருக்காது. "நவம்பர்ல இருந்தே வேலை நடக்குதுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவேன். ஓய்வுபெற்ற பிறகு நேரத்துக்குக் குறைவில்லை. அந்தப் பதிலை இப்போது முழுசாகவே சொல்லலாம்.

அரசு தோட்டக்கலைத் துறையில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை மலைப் பூங்காக்களில் கழித்தவள் நான். மேற்பார்வை என்று சொன்னால் பலரும் நிழலில் நின்று கைநீட்டும் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். செடியை வளர்ப்பது தோட்டத் தொழிலாளர்கள். எந்தச் செடி எந்த வாரத்தில் எந்த நிலையில் இருக்க வேண்டும், அந்த வாரத்தில் அதன் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது மேற்பார்வையாளர். இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம். விதை, உரம், மருந்து எல்லாவற்றையும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். சரியான ஆளைச் சரியான வேலையில் நிறுத்துவதற்கு மட்டும் பூங்காவில் நடந்து நடந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரிவில் ஒரு பூங்கா

உதகை அரசு தாவரவியல் பூங்கா தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில், சுமார் 22 ஹெக்டேரில் படிப்படியாக ஏறுகிறது. நுழைவாயில் பக்கம் கீழ்ப் பூங்கா, அதற்கு மேல் பெரிய புல்மைதானம், இத்தாலியன் பூங்கா, கண்ணாடி மாளிகை, நாற்றங்கால்கள். இன்னும் ஏறினால் தோடர்களின் குடியிருப்பான மந்து. கல்லாகிப்போன 2 கோடி ஆண்டு பழைய மரத்துண்டு ஒன்றும் இங்கே இருக்கிறது. வருகிறவர்கள் தவறாமல் படம் எடுத்துக்கொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று.

இந்த இடம் முதலில் பூவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதல்ல. உதகையில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் 1840களில் சந்தா போட்டுக் காய்கறி விளைவித்துப் பார்த்தார்கள். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. சென்னை மாகாண ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபு காலத்தில் முறையான தோட்டம் ஒன்று அமைக்க முடிவாகி, 1848ல் லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்து சேர்ந்தார். சரிவை வெட்டி, சதுப்பை வடித்து, பாதை போட்டு இன்று நாம் காணும் அமைப்புக்கு அடித்தளம் இட்டவர் அவர். பின்னாளில் நீலகிரியின் அரசு சின்கோனா தோட்டங்களும் அவர் பொறுப்புக்கு வந்தன. சின்கோனா பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கான கொய்னா எடுத்தார்கள். மரத்தை வெட்டிச் சாய்க்காமல், பட்டையை நீளவாக்கில் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிவைத்தால் புதுப்பட்டை வளர்கிறது என்று கண்டு அதை நடைமுறைப்படுத்தியவர் மெக்ஐவர். 1876ல் காலமானார்.

ஒரு மரத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம், எடுத்தபின் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பார்க்கிற அந்தக் கண்தான் இந்த வேலையின் அடிப்படை. எங்கள் தொழிலாளர்களில் பள்ளிக்கூடம் அதிகம் போகாத சிலரிடம் அது இயல்பாகவே இருந்தது.

பின்னாலிருந்து எண்ணுவது

முதல் மலர்க் காட்சி 1896ல் நடந்தது. 2023ல் நடந்தது 125வது காட்சி. நடுவே கொரோனா காலத்தில் நின்றதுபோன்ற இடைவெளிகள் உண்டு. தேதி மே மாதத்துக்குள் வரும். தொட்டிகள் மட்டும் 30,000க்கு மேல். பாத்திகளில் நடும் நாற்றுகள் லட்சக்கணக்கில். காட்சி சில நாள்தான். அந்தச் சில நாளில் எல்லாம் முழுப்பூவில் நிற்க வேண்டும்.

கல்யாணச் சமையல்காரர் முகூர்த்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு பின்னோக்கி எண்ணித்தானே அடுப்பு மூட்டுவார்? இங்கும் அதே கணக்கு. ஒவ்வொரு செடியும் விதையிலிருந்து பூ வரை எத்தனை காலம் எடுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும், அதுவும் மலைக் குளிரில் எத்தனை காலம் என்று. சமவெளியில் இரண்டே மாதத்தில் பூக்கும் செண்டுமல்லிக்கு இங்கே மூன்று மாதம் வரை கொடுக்க வேண்டும். சால்வியாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். பேன்சி, பெட்டூனியா, ஆண்டிரினம் எல்லாம் நான்கு மாதத்தைத் தொடும். சினரேரியா, கிழங்கு பிகோனியா ஐந்தாறு மாதம் கேட்கும். சைக்ளமனை விதையிலிருந்து வளர்ப்பதென்றால் ஏறக்குறைய முந்தைய மலர்க் காட்சி முடிந்த கையோடு தொடங்கிவிட வேண்டும். சைக்ளமனை விட்டுவிட்டு மற்றவற்றை மே மாதத்திலிருந்து எண்ணிக் கழித்தால் நாட்காட்டியில் முதல் விதைப்பு நவம்பரில் வந்து நிற்கும். கடைசி விதைப்பு பிப்ரவரி.

கொல்கத்தா, காஷ்மீர், பஞ்சாப், புனே, பெங்களூரு என்று பல இடங்களிலிருந்து விதை வரும். ஒரு கிராம் பெட்டூனியாவில் சுமார் 10,000 விதைகள். மூக்குப்பொடி மாதிரி இருக்கும். தும்மினால் ஒரு பாத்தி போய்விடும். அதை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மெல்லிய மணலோடு கலந்து மேலே தூவி, தட்டின் அடியிலிருந்து நீர் ஏறும்படி வைக்க வேண்டும். பேன்சி நேர்மாறு. அதற்கு இருட்டுப் பிடிக்கும், மூடிவைக்க வேண்டும்.

ஒரே வகையை ஒரே நாளில் மொத்தமாக விதைக்க நான் விட்டதில்லை. மூன்று பங்காகப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் விதைப்போம். வெயில் முந்தினால் மூன்றாவது பங்கு கைகொடுக்கும். மழை இழுத்துக்கொண்டே போனால் முதல் பங்கு காப்பாற்றும். நடுப்பங்கு எப்படியும் ஒப்பேற்றிவிடும்.

இதற்குப் பிறகும் செடி முந்தினாலோ பிந்தினாலோ சரிசெய்யச் சில வழிகள் உண்டு. நுனி கிள்ளுவது அதில் முதலாவது. தலைக்குருத்தைக் கிள்ளினால் செடி பக்கக் கிளை விட்டு அடர்த்தியாகும், பூவும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும். ஆகவே கடைசிக் கிள்ளலுக்கு ஒரு தேதி உண்டு, அதைத் தாண்டக் கூடாது. பிந்துகிற தொட்டிகளைக் கண்ணாடி மாளிகையின் கதகதப்புக்கு மாற்றுவோம். முந்துகிறவற்றை நிழல்வலைக்குள் இழுத்துவிடுவோம். சாமந்திக்கு இரவு நீளமாக இருந்தால்தான் மொட்டு வரும். நள்ளிரவில் கொஞ்ச நேரம் விளக்குப் போட்டால் இன்னும் காலம் வரவில்லை என்று இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். விளக்கை நிறுத்தினால் மொட்டுக்கு வரும்.

பூ தாமதமாகிறதே என்று பதறி யூரியாவைக் கூட்டுவார்கள் சிலர். செடி கருகருவென்று இலையாய்த் தள்ளும், பூவை மறந்துவிடும். மொட்டு வைக்கும் பருவத்தில் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல்சத்தைக் கூட்ட வேண்டும். இதைச் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு. இரண்டு தொட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்த்துக் காட்டினால் நம்பிவிடுவார்கள்.

தண்ணீர் யார் கையில்?

எந்தப் பூங்காவுக்குப் போனாலும், நாற்றங்காலில் தண்ணீர் விடுகிறவர் யார் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். பல இடங்களில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் கையில் குழாயைக் கொடுத்திருப்பார்கள். தண்ணீர் ஊற்றுவதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம். தொட்டிச் செடி செத்துப்போகிற காரணங்களை எழுதினால் பூச்சியும் நோயும் பின்னால்தான் வரும். முதல் இடம் அதிகத் தண்ணீருக்கு, அடுத்த இடம் குறைந்த தண்ணீருக்கு.

எங்கள் நாற்றங்காலில் அந்த வேலை ஒரு படுக அக்காவிடம் இருந்தது. எனக்கு வயதில் மூத்தவர், ஆனாலும் "மேடம், நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க, நான் விட்டுக்கிறேன்" என்பார். மண்தொட்டியை விரல் முட்டியால் தட்டுவார். காய்ந்திருந்தால் கணீரென்று கேட்கும், ஈரமிருந்தால் மந்தமாகக் கேட்கும். பிளாஸ்டிக் தொட்டியை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பார்ப்பார், கனம் சொல்லிவிடும். மேல்மண்ணைப் பார்த்து ஏமாறவே மாட்டார். ஊற்றினால் அடித்துளை வழியாக வழியும் வரை ஊற்றுவார், இல்லாவிட்டால் ஒரு சொட்டுக்கூட விடமாட்டார். நாலு தொட்டிக்கு ஊற்றி ஐந்தாவதைத் தாண்டிப் போவார். ஏன் என்று கேட்டால், "அது இன்னிக்கு குடிக்காது மேடம்."

உதகையில் மாலையில் தண்ணீர் விடுவது ஆபத்து. இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் சாம்பல் பூஞ்சை பிடித்து மொட்டெல்லாம் பஞ்சு போர்த்திக்கொள்ளும். நாற்றுத் தட்டில் அடிமண் நசநசவென்று இருந்தால் நாற்றழுகல் வந்து, காலையில் பார்க்கும்போது வட்டவட்டமாக நாற்றுகள் சாய்ந்து கிடக்கும். ஆகவே காலையில்தான் தண்ணீர், வேரில்தான் தண்ணீர். பேன்சி, பிகோனியா இதழில் சொட்டு விழுந்தால் கறை நிற்கும்.

மஸ்டரில் அன்றைய வேலைக்கு ஆட்களை எழுதும்போது பெரும்பாலான அதிகாரிகள் கடினமான வேலைக்கு முதலில் ஆள் போடுவார்கள். தொட்டி தூக்க, மண் சுமக்க, கவாத்து செய்ய. நான் தண்ணீருக்கு முதலில் போட்டுவிட்டு மீதியைப் பிரிப்பேன். மண் சுமப்பவர் ஒரு நாள் வராவிட்டால் அடுத்த நாள் சுமந்துகொள்ளலாம். தண்ணீர் விடுகிறவர் ஒரு நாள் தவறாகச் செய்தால் மூன்று மாத வேலை போய்விடும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. களையெடுக்கும் பெண்களில் சிலர், இரண்டு இலைப் பருவத்திலேயே சால்வியா எது, களை எது என்று பிரித்துவிடுவார்கள். எனக்குப் பட்டப் படிப்பு முடித்த பிறகும் நாலு இலை வந்தால்தான் தெரிந்தது. ஒருவர் டேலியாவுக்குக் குச்சி கட்டினால் குச்சி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. இன்னொருவர் வேலியைக் கயிறு பிடிக்காமல் நேராக வெட்டுவார், ஆனால் தொட்டி மாற்றச் சொன்னால் வேரைப் பிய்த்துவிடுவார். இவர்களை மாற்றிப் போட்டால் இருவருக்கும் மனம் சலிக்கும், செடியும் கெடும். விடுப்பும் அப்படித்தான். படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா, பொங்கல் எல்லாம் விதைப்பும் நாற்றெடுப்பும் நடக்கிற சமயத்திலேயே வரும். திருவிழாவுக்குப் போகாதே என்று சொல்லி வேலை வாங்கினால் கை இங்கேயும் மனசு ஊரிலேயும் இருக்கும். அந்த நாட்களை முன்கூட்டியே கணக்கில் வைத்து நடவைத் தள்ளிவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பனி

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் உதகையில் குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் முதலில் வெள்ளை படர்கிறது. பூங்காவுக்குள்ளும் அதே விதிதான். மேல்மட்டத்தில் ஒரு செடி தப்பித்த இரவில் கீழ்ப் பூங்காவில் அதே செடி கருகியிருக்கும்.

இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து செல்கள் கிழிவது ஒரு சேதம். காலையில் சுள்ளென்று வெயில் பட்டு வேகமாக உருகும்போது நடப்பது அதைவிடப் பெரிய சேதம். வெந்ததுபோல இலை கறுத்துத் தொங்கும். இதற்கு இரண்டு காப்பு உண்டு. ஒன்று, சூரியன் ஏறுவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவது. கைவிரல் விறைத்துப்போகும் அந்த வேலைக்கு விடியலில் வருகிறவர்களைத்தான் நான் அதிகம் மதித்தேன். மற்றொன்று, கோத்தகிரி மிலார். இந்த மலையில் கிடைக்கும் செடி. கிளைகளை வெட்டிவந்து, அலங்காரச் செடிகளைச் சுற்றி ஊன்றி மேலேயும் மூடிவைப்போம். கீழே தரையின் வெதுவெதுப்பு தங்கும், காற்றும் போய்வரும். பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினால் இலை தாளில் ஒட்டி, ஒட்டிய இடமே கருகும். மிலாரில் அந்தத் தொல்லை கிடையாது, மக்கினால் உரமாகவும் போகும். எந்தப் பாடநூலிலும் நான் இதைப் படித்ததில்லை, எங்கள் பூங்கா மேஸ்திரி ஒருவரிடம்தான் கற்றேன்.

மாடம் அடுக்குவது

காட்சிக்கான மலர் மாடத்தில் தொட்டிகளைப் படிப்படியாக அடுக்குகிறோம் அல்லவா, அது அழகுணர்ச்சியை மட்டும் வைத்துச் செய்கிற வேலையல்ல. உயரமானது பின்னால், குட்டையானது முன்னால் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் சில பாடங்கள் உண்டு.

பார்க்கிறவர் எங்கே நிற்பார் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். நேர் எதிரே நின்று பார்ப்பவரைவிட, பக்கவாட்டில் நடந்துகொண்டே பார்ப்பவர்தான் அதிகம். ஆகவே செடியின் முகத்தைச் சற்றுத் திருப்பி வைக்க வேண்டும். பின்வரிசைத் தொட்டியின் விளிம்பை முன்வரிசைத் தழை மறைக்க வேண்டும். சிவப்புச் சால்வியாவையும் ஆரஞ்சுச் செண்டுமல்லியையும் ஒட்டிவைத்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும், நடுவே வெள்ளை ஆலிசமோ சாம்பல் நிறச் சினரேரியா தழையோ ஒரு வரிசை போனால் இரண்டும் எடுப்பாகத் தெரியும். மேகமூட்டமான உதகை வெளிச்சத்தில் நீலமும் ஊதாவும் தூரத்திலிருந்து மங்கிவிடும், அவை பாதைக்கு அருகே இருக்க வேண்டும். மஞ்சளையும் வெள்ளையையும் எவ்வளவு தள்ளி வைத்தாலும் தெரியும்.

ஹைட்ராஞ்சியா முன்னால் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். "எங்க ஊர்ல ரோஸா பூக்குது, இங்க மட்டும் எப்படி நீலம்?" நீலகிரி மண் அமிலத்தன்மை கொண்டது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், அது பூவை நீலமாக்கும். சுண்ணாம்பு கலந்து அமிலத்தைக் குறைத்தால் அதே செடி அடுத்த பருவங்களில் இளஞ்சிவப்புக்கு மாறும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், மாடத்துக்குள் ஆள் போக வழி விடுவது. வாடிய பூவைத் தினமும் கிள்ள வேண்டும். கிள்ளாமல் விட்டால் செடி விதை பிடிக்கப் போய்விடும், அடுத்த மொட்டுக்குச் சத்துப் போகாது. ஒரு தொட்டி சோர்ந்தால் அதை உருவி, பின்னால் தயாராக நிற்கும் இன்னொன்றைச் சொருக வேண்டும். அதற்காகவே பத்துக்கு இரண்டு தொட்டி கூடுதலாக வளர்ப்போம். காட்சி நாட்களில் பூங்கா திறப்பதற்கு முன்பே இந்த மாற்றமெல்லாம் முடிந்துவிடும். பத்து மணிக்கு வருகிறவர் அதற்கு முந்தைய நாலு மணி நேரத்தைப் பார்ப்பதில்லை.

லட்சக்கணக்கான கொய்மலர்களில் மேட்டூர் அணை, மலை ரயில் என்று உருவம் செய்வதும் உண்டு. மக்களை இழுப்பது அதுதான். கார்னேஷன் அதற்கு ஏற்றது. காம்பு விறைப்பாக நிற்கும், வெட்டியபின் பல நாள் தாங்கும். நீர் உறிஞ்சும் பஞ்சில் குத்தி, இரவில் தெளித்து வைத்தால் காட்சி முடியும் வரை முகம் வாடாது. இருந்தாலும் என் மனம் மாடத்தில்தான். வேரோடு நிற்கிற பூவைக் காட்சி முடியும் வரை காப்பாற்றுவதில்தான் தோட்டக்காரர் கை தெரியும்.

புல்லும் கூட்டமும்

பெரிய புல்மைதானத்தைச் சீசனுக்கு முன் மூடும்போது பயணிகளுக்குக் கோபம் வரும். "இவ்வளவு தூரம் வந்து புல்லுல உட்காரக்கூட விடலையே!" ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தால் மண்ணுக்குள் காற்று போகும் துளைகளெல்லாம் அடைந்துவிடும். மழை பெய்தால் நீர் இறங்காமல் தேங்கும், புல்வேர் மூச்சுமுட்டி மஞ்சளாகும். மூடியிருக்கும் நாட்களில் இரும்பு முள்ளால் துளையிட்டு, சலித்த மண்ணும் மணலும் தொழு உரமும் தூவி, பொக்கையான இடத்தில் புல் பதிப்போம். அந்த ஓய்வு இல்லாவிட்டால் மே மாதத்தில் உட்காரச் சேறுதான் இருக்கும்.

கூட்டத்தைச் சமாளிக்கப் பலகைகளைவிடப் பாதை நன்றாக உதவும். "புல்லை மிதிக்காதீர்" என்று எழுதிய இடத்தில் மிதிப்பார்கள். மிதிக்கிற இடத்தைக் கவனித்து அங்கேயே ஒரு பாதை போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பூ பறிப்பவர்களிடம் தொழிலாளர்கள் சண்டைக்குப் போகக் கூடாது என்பது நான் வைத்திருந்த ஒழுங்கு. பறிக்க வரும் குழந்தையிடம் கீழே உதிர்ந்த பூ ஒன்றைக் கொடுத்தால் போதும், தாய் தானாகவே கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்.

பெயர்ப் பலகையின் பொறுப்பு

பூக்காட்சி மட்டும் நோக்கமென்றால் அதற்குத் தாவரவியல் பூங்கா தேவையில்லை. தாவரவியல் பூங்கா என்றால் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பதிவு இருக்க வேண்டும். என்ன இனம், எந்தக் குடும்பம், எந்த நாட்டுச் செடி, எங்கிருந்து எப்போது வந்தது, எங்கே நட்டோம். பலகையில் இருப்பது அந்தப் பதிவின் சுருக்கம்தான். குரங்கு ஏறா மரம், காகிதம்போலப் பட்டை உரியும் மரம், தக்கை மரம் என்று இங்கிருக்கும் பழைய மரங்களின் மதிப்பு, அவை இன்னவை என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்தான் இருக்கிறது. தாவரவியல் படிக்கும் மாணவர் ஒருவர் அந்தப் பலகையை நம்பித் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறார். பலகை இடம் மாறினால் அவர் தவறாகப் படித்துப் போவார். ஆகவே ஒவ்வொரு கவாத்துக்குப் பிறகும் பலகைகளைப் பதிவேட்டோடு ஒப்பிட வைப்பேன். ஆணியை நேராக மரத்தில் அடிக்க விடமாட்டேன். மரம் பருக்கப் பருக்கப் பலகையை விழுங்கிவிடும், காயத்தின் வழியே பூஞ்சையும் இறங்கும்.

இன்னொரு பொறுப்பும் உண்டு, அதை இந்த மலை எங்களுக்குக் கசப்பாகவே கற்பித்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த செடிகளில் சில வேலி தாண்டிவிட்டன. சீகை என்று இங்கே சொல்லும் வாட்டில் மரம் விறகுக்கென்று வந்தது. மஞ்சள் பூவுக்காக வந்த ஸ்காட்ச் புரூம், முள்ளடர்ந்த கோர்ஸ், சமவெளி வரை பரவிய உண்ணிச்செடி ஆகியவை நீலகிரியின் புல்வெளிகளையும் காட்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டன. புல்வெளி போன இடத்தில் அதை நம்பியிருந்த உயிர்களும் போயின. இன்று யாராவது புதிய அலங்காரச் செடி ஒன்றைக் காட்டி "எவ்வளவு அழகு பாருங்க" என்றால், ஒரு நல்ல மேற்பார்வையாளர் அழகைப் பற்றி அப்புறம்தான் யோசிக்க வேண்டும். இது விதை எவ்வளவு போடுகிறது, பறவை தின்று பரப்புமா, வெட்டினால் வேரிலிருந்து துளிர்க்குமா என்பவை முதல் கேள்விகள். பதில் சந்தேகமாக இருந்தால் அது தொட்டியைவிட்டு இறங்கக் கூடாது. காட்டுமாடு வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் ஊரே பேசும். ஒரு செடி வேலியைத் தாண்டி வெளியே போவது அடுத்த தலைமுறை வரை யார் கண்ணிலும் படாது.

காட்சி முடிந்த பிறகு

கடைசி நாள் பரிசுகள் கொடுத்து முடிந்ததும் பந்தல்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். எங்களுக்கு அப்போதுதான் அடுத்த வேலை தொடங்கும். மாடத்திலிருந்து தொட்டிகள் இறங்கும். வீரியம் குறையாதவை ஒரு வரிசை, விதைக்கு விடுபவை ஒரு வரிசை, மண்ணைக் கொட்டிக் காயவைக்க வேண்டியவை ஒரு வரிசை. பழைய தொட்டியைத் தேய்த்துக் கழுவாமல் மறுபடி நிரப்பக் கூடாது, போன பருவத்து நோய் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். டேலியாக் கிழங்குகள் பருவம் முடிந்ததும் மண்ணிலிருந்து வெளியே வந்து, பெயர் எழுதிய சீட்டோடு மணலில் படுக்கும். சீட்டு இல்லாத கிழங்கு அடுத்த வருடம் என்ன நிறம் பூக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசனுக்கான விதைகள் தட்டில் இருக்கும். அதற்கும் மே மாதக் கணக்கைப் போலவே பின்னாலிருந்து ஒரு கணக்கு. இந்த முறை பனிக்குப் பதில் அடைமழை. நாற்றுகளுக்கு மேலே கூரை, கீழே வடிகால், நத்தைக்கு இரவுக் காவல். புதிய விதைப்புப் பட்டியலை எழுதி, எந்த வாரத்தில் எது என்று பிரித்து, கடைசியாக ஆட்களை ஒதுக்குவேன். தண்ணீருக்கு யார் என்ற வரியை மட்டும் நான் யோசித்து எழுதியதே இல்லை. அந்த அக்கா ஓய்வுபெறும் வரை அந்த வரியில் அவர் பெயர்தான். அவர் போவதற்கு இரண்டு வருடம் முன்பே, தொட்டியைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் தானாக வந்த ஓர் இளம் பெண்ணை அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். என் பணிக்காலத்தில் உருப்படியாகச் செய்த நியமனம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.